பாஷா கேட்ட பெயர்

"ஒரு கிராமம்கூடத் திருப்பித் தர முடியாது! பத்தூமியில ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டு இப்ப எதுக்கு வந்தீரு?" என்று கேட்டார் துருக்கியப் பாஷா.

மார்ட்டிரோஸ் முதுகை நிமிர்த்திக்கொண்டார். பிறந்து மூன்று வாரமே ஆன ஆர்மீனியக் குடியரசின் தூதுவர் அவர்.

"நாங்களா போட்ட கையெழுத்து இல்ல அது. நெஞ்சுல பீரங்கியை வச்சு நீங்க வாங்கினது."

"அந்தப் பீரங்கி இன்னும் அங்கேயேதான் நிக்குது."

"நிக்கட்டும். எங்க ஜனங்க லட்சக்கணக்குல ரோட்டுல கிடக்கிறாங்க. நீங்க விட்டுவச்ச நிலத்துல கல்லைத்தான் விதைக்கணும். அந்த ஒப்பந்தத்தை மாத்துங்க. அலெக்ஸாண்ட்ரபோல் எங்களுக்குத் திரும்ப வேணும்."

"நல்லா இருக்கே! ரயில் பாதையே அந்த ஊர் வழியாத்தானே போகுது?" பாஷா சிவப்புத் தொப்பியைச் சரிசெய்தபடி சிரித்தார். "யுத்தம் முடியட்டும், பார்க்கலாம். அதுவரைக்கும் உட்கார்ந்து காப்பி குடியும்."

"காப்பி குடிக்க நான் கடல் தாண்டி வரல!"

"கோபம் வந்தா தூது கெட்டுது, ஐயா." பாஷா வரைபடத்தின் மேல் விரலை ஓட்டினார். "உம்ம சொந்த ஊரும் இதுதானே? அங்கே உமக்கு யாரு இருக்கா?"

மார்ட்டிரோஸ் வரைபடத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மே மாதம் அந்த ஊர் விழுந்தபோது கோட்டையில் நின்றவன் அவருடைய ஒரே மகன் அர்ஷாக். சிறைப்பட்டான் என்று ஒரு சேதி வந்தது. பிறகு ஒன்றுமில்லை. அன்று முதல் அந்தப் பெயரை அவர் வீட்டில் உச்சரித்ததில்லை. ஊரே பிள்ளைகளைப் பறிகொடுத்து நிற்கையில், தன் பிள்ளைக்காக மட்டும் வாய் திறப்பது வம்சத்துக்கே இழுக்கு.

"நாட்டுக்காக வந்தேன். என் வீட்டுக்காக யார்கிட்டயும் கையேந்த மாட்டேன்."

"கைதிகள் பட்டியல் இதோ, என் மேஜை மேல இருக்கு. ஒரு பேரைச் சொன்னா புரட்டிப் பார்ப்பேன். சொல்லாட்டி, அதுவா எழுந்து வந்து நிக்காது."

"என்னைச் சோதிக்காதீங்க."

"பேரைச் சொல்லுங்க." பாஷாவின் அதட்டல் எங்கோ போய்விட்டது. குரல் கம்மியிருந்தது. "ஒரே ஒரு தரம் சொல்லுங்க."

மார்ட்டிரோஸ் மேஜையருகே வந்தார்.

"அர்ஷாக். என் பிள்ளை. இடது புருவத்துல ஒரு தழும்பு இருக்கும். உயிரோட இருந்தா... அனுப்பிடுங்க."

"அங்கேயும் இதை இப்படியே கேளுங்க," என்றார் பாஷா.

கதவைத் தள்ளிக்கொண்டு மார்ட்டிரோஸின் மனைவி சத்தேனிக் வந்தாள். "ஒத்திகை போதும், வண்டி வந்தாச்சு! முகத்தை ஏன் அப்படி வச்சிருக்கீங்க? பேசினது பாஷாதானே, மருமக இல்லையே! உங்க கௌரவத்துக்கு ஒரு குறையும் வந்துடல."

துருக்கியின் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளில் வளர்ந்து, பாஷாக்களின் பேச்சையெல்லாம் கேட்டறிந்த அர்ஷாக்கின் மனைவி நூனே, சிவப்புத் தொப்பியைக் கழற்றி வைத்தாள். ஆர்மீனிய வழக்கப்படி, மாமனார் அனுமதி தரும்வரை அவரிடம் பேசக் கூடாத மருமகளாக, மூன்று வருஷமாகக் கட்டிவரும் வாய்த்துணியைக் கையில் எடுத்தாள்.

மார்ட்டிரோஸ் அதை அவளிடமிருந்து வாங்கி மடித்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, "இது என்கிட்டயே இருக்கட்டும்மா," என்றார்.