மூன்றாவது டம்ளர்

ரெமிஜியுஸின் தலைக்குள் பேசிய நான்கு குரல்களையும் மருத்துவமனையில் ஒரு கருவி வைத்துத் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள். வேண்டாததை மூடிக்கொள்ளலாம். ஏசிய மூன்றையும் அவனே மூடினான். மெல்லப் பேசும் ஒருத்தியை மட்டும் விட்டுவைக்கச் சொன்னான்.

"தொல்லை இல்லன்னா இருந்துட்டுப் போகட்டும்" என்றார் டாக்டர்.

அக்கா செலஸ்டின் ஒத்துக்கொள்ளவில்லை. "நோயில பாதிய யாராவது வீட்டுல வச்சுக்கிடுவாங்களால?"

அவளுக்காக நான்காவதையும் மூடினான்.

ஒரு வாரம் போயிற்று. அன்று காலை தூத்துக்குடிக் கடல் பாலாடைபோல் அசையாமல் கிடந்தது. அலைச்சத்தம்கூட எங்கோ கனவில் கேட்பதுபோல் இருந்தது. செலஸ்டின் காப்பியை ஆற்றி, மறதியில் மூன்று டம்ளர்களில் ஊற்றினாள். அந்த ஒருத்திக்கும் வைத்தால்தான் தம்பி காப்பியைத் தொடுவான்; பதினோரு வருடப் பழக்கம்.

"அவதான் போயிட்டாளேக்கா."

செலஸ்டின் மூன்றாவது டம்ளரை ஓரமாக நகர்த்தினாள். "போறப்ப ஏதும் சொன்னாளால?"

"தெனமும் கேக்குறததான் கேட்டா. அக்கா மாத்திரை போட்டாளான்னு."

காலைதோறும் தம்பி அப்படிக் கேட்டபோதெல்லாம், தான் அவனை மாத்திரை போடச் சொல்வதைக் கேலி செய்கிறான் என்றே அவள் நினைத்திருந்தாள். எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். பிரஷர் மாத்திரை அட்டையில், அவள் போன நாளிலிருந்து போட வேண்டிய ஒரு வார மாத்திரையும் பிரிக்காமல் இருந்தது.