எதிர் ஜன்னலில் ஒரு மரம்

"ராஜி, மேல் கிளைக்குக் கிட்ட ஒரு ஓட்டை இருக்கு பாரு! அதுக்குள்ளால ஒங்க வீட்டுக் கடிகாரமே தெரியுது!"

தன் வீட்டு ஜன்னலில் நின்றபடி பரிமளம் குரல் கொடுத்தாள். எதிர் வீட்டு ஜன்னலுக்குள் இருந்த இராஜேஸ்வரி, பச்சைக் கடதாசிக் கிளையும் கையுமாக எட்டிப் பார்த்தாள்.

"எங்க பெரியம்மா? இதுவா?"

"இன்னும் கொஞ்சம் மேல... ஆங், அதேதான். நல்லா அடைச்சு விடு."

மலையூரான கட்டுக்கலையில் அந்தச் சந்து, ஒரு குடையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரிலும் தட்டும் அளவுக்கு ஒடுக்கம். எதிர் வீட்டில் மிளகாய் வறுத்தால் இங்கே தும்மல் வரும். அதனால் பரிமளம் ஊர்வம்பு பார்க்கிறவள் என்று சொல்வது வீண்பழி. கண் தானாகப் பார்க்கிறது, காது தானாகக் கேட்கிறது. அவள் என்னதான் செய்வாள், பாவம்!

இராஜேஸ்வரி பாலர் பாடசாலை டீச்சர். டிசம்பரில் கிறிஸ்துமஸ் வந்தால் பிள்ளைகளுக்காகக் கைக்கடக்கமான நத்தார் மரங்கள் செய்வாள். இந்த வருஷம் என்னவோ ஜன்னலை ஒட்டி ஆளுயரத்துக்கு ஒன்று. சாமிப் படத்துக்கு விளக்கேற்றும் வீட்டில் இவ்வளவு பெரிய மரம் எதற்கு? அவள் அம்மா புஷ்பத்திடம் பரிமளம் நேரேயே கேட்டுவிட்டாள்.

"புள்ளைக்கு ஆசை அக்கா. மனசுக்கு ஒரு ஆறுதலா இருக்கட்டும்."

ஆறுதல் வேண்டியதுதான். இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள் அல்லவா? முதலில் வந்த கம்பளைக்காரர்களிடம், "தங்கமான பொண்ணுங்க. ராவுல கொஞ்சம் இருமுவா, அவ்வளவுதான்" என்றாள் பரிமளம். அடுத்து வந்த வத்தேகமக்காரர்களிடம், "மழைன்னா சார் ஒருத்தரு கொடையில கூட்டிட்டு வந்து விடுவாரு. நல்ல மனுஷன்" என்றாள். இரண்டும் கண்ணாரக் கண்டவை. ஒரு சொல் கூட்டவில்லை. இரண்டு கூட்டமும் மறுபடி இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

இப்போது நாவலப்பிட்டியிலிருந்து பேச்சு வருவதாகக் கேள்வி. இதுவும் போனால் மகளின் கதி என்ன என்று புஷ்பம் பிள்ளையார் கோவிலில் நின்று அழுததைப் பரிமளமே பார்த்தாள். அவர்கள் வருகிற நாளைத் தவறவிட்டுவிடக்கூடாதே என்றுதான் ஜன்னலை விட்டு நகராமல் இருந்தாள்.

ஆனால் அந்த மரம் அவளை என்னவோ செய்தது. கம்பியில் சுற்றிய பச்சைக் கடதாசி, கத்தரி பட்ட இடமெல்லாம் ஊசி இலையாய்ச் சிலிர்த்து நின்றது. ஹந்தானை மலையில் பொறுக்கிய பைன் காய்கள் கிளைக்குக் கிளை தொங்கின. கடைசியில் பனி தூவப் பஞ்சு போதவில்லை என்றதும், பரிமளம் தன் தலையணையையே பிரித்து இலவம் பஞ்சை அள்ளிக் கொடுத்தாள். கொடுத்தவளுக்கு யோசனை சொல்லவும் உரிமை உண்டுதானே? "இடது பக்கம் நீங்க உக்கார்ற கதிரை தெரியுது" என்பாள். "கீழ கொஞ்சம் மெலிஞ்சிருக்கு" என்பாள். அம்மாவும் மகளும் சொன்ன சொல் தட்டாமல் அடைத்தார்கள். இவ்வளவு மரியாதை அவளுக்குச் சொந்த வீட்டிலேயே கிடைத்ததில்லை.

ஞாயிறு மாலை மரத்தில் விளக்குகள் எரிந்தன.

மலையிலிருந்து மூட்டம் இறங்கிச் சந்து முழுவதையும் நிறைத்திருந்தது. அதற்குள் சிவப்பும் நீலமுமாய் மின்னிமின்னி அணைந்தது மரம். எதிர் வீட்டு ரேடியோ உரக்கப் பாடியது. பரிமளம் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தாள். சுவர்கள் கரைந்தன. எங்கோ ஒரு வெள்ளைக் காடு. அவள் வெறுங்காலோடு நடக்கிறாள். வானத்திலிருந்து அவள் தலையணை மெல்ல மெல்லப் பொழிகிறது...

"ஜன்னலச் சாத்து, பரிமளம். குளிருது" என்றார் கணவர் ராஜலிங்கம்.

"சும்மா இருங்க. மரத்தத் தவிர கண்ணுக்கு வேற ஒண்ணுமே தெரியல. அவ்வளவு அழகு!"

மறுநாள் காலை புஷ்பம் ஒரு தட்டோடு வந்தாள். லட்டு, வெற்றிலை, பாக்கு.

"நேத்து ராஜிக்கு நிச்சயம் முடிஞ்சிருச்சு அக்கா. நாவலப்பிட்டிக்காரங்க. தை மாசம் கல்யாணம்."

"நேத்தா?" பரிமளம் எதிர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். "நான் ஜன்னல்லதானே உக்காந்திருந்தேன்! எப்படி வந்தாங்க?"

"கீழ் ரோட்டால வந்து, பின்னால குசினி வாசல் வழியா. மாப்பிள்ள வீட்டுக்காரங்கள அப்படிக் கூப்பிடக் கூச்சமாத்தான் இருந்துச்சு. விஷயத்தச் சொன்னோம், சிரிச்சுக்கிட்டே வந்தாங்க."

"நிச்சயத்த முன் ஹோல்லயா வச்சீங்க? எனக்கு ஒரு தலைகூடத் தெரியலையே!"

புஷ்பம் பெரிய லட்டாகப் பார்த்தெடுத்து அவள் கையில் வைத்தாள்.

"அதுக்குத்தான் மொதல்ல ஒங்களுக்கு நன்றி சொல்ல வந்தேன் அக்கா. ஒவ்வொரு ஓட்டையா நீங்க காட்டித் தரலேன்னா, நாங்க எப்படி அடைச்சிருப்போம்?"