பச்சைப் புள்ளி

"இது தூங்கவே கூடாது அண்ணாச்சி" என்று கணவரின் லேப்டாப்பைக் கடை மேசையில் வைத்தாள் பிரபாவதி. சுனாபட்டியிலிருந்து தாராவி வரை ஆட்டோவில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

கடைக்காரர் மிக்கேல்ராஜ் செட்டிங்ஸைத் திறந்தார். "பத்து நிமிசம் தொடலேன்னா ஸ்லீப் மோடுக்குப் போயிரும்க்கா. கரண்டு மிச்சம், பேட்டரிக்கும் நல்லதுல்லா?"

"போனா, சாட்ல அவர் பேர் பக்கத்துல பச்சைப் புள்ளி அணைஞ்சிடுது."

மிக்கேல்ராஜுக்குப் புரிந்துவிட்டது. "சாருக்கு ஒர்க் ஃபிரம் ஹோமா? மேனேஜரை ஏமாத்த இங்க நெறைய பேரு வாறாவ. ஆளு தூங்கலாம், லேப்டாப் தூங்கக் கூடாது, என்னக்கா?"

பிரபாவதி சிரித்து வைத்தாள்.

"ஸ்லீப்பை 'நெவர்'ல போட்டுட்டேன். ஸ்கிரீன் மட்டும் அணையும், உள்ள ஓடிக்கிட்டே இருக்கும். சார்ஜரைக் கழத்திராதீய."

வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பை ஹாலில் அதன் இடத்தில் வைத்துச் சார்ஜரை மாட்டினாள். சமையலறைக்குப் போய் அரை டம்ளர் அரிசி களைந்து குக்கரில் வைத்தாள். பிறகு போனை எடுத்தாள். கணவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

'சாப்பிட்டீங்களா?' என்று தட்டி அனுப்பினாள்.

ஹாலில், மாலை போட்ட அவர் படத்துக்குக் கீழே, லேப்டாப் 'டிங்' என்றது.