சுவரில் ஒரே ஓர் இடம்

நாகல் நகர் நாதஸ்வரச் சங்கச் சுவரில், மேதைகள் வரிசையில் இன்னும் ஒரு படத்துக்குத்தான் இடமிருந்தது. யாரை மாட்டுவதென்று செயலாளர் ஆனந்த்ராஜுக்குத் தலை சுற்றியது.

"குஜிலியம்பாறை ராமர்தான்!" என்றது கூட்டம்.

முன்வரிசைத் துண்டுக்காரர் எகிறினார். "ராமரா? பாதி ராகத்துலயே மூச்சு வாங்கும். வேடசந்தூர் சின்னக்கண்ணு வாசிப்புக்கு உறை போடக் காணாது!"

ஒரு மணி நேரம் தொண்டை கிழியக் கத்தி, சின்னக்கண்ணுவுக்கே அந்த இடத்தை வாங்கிக் கொடுத்தார்.

வாசலில் அவரை மடக்கினார் ஆனந்த்ராஜ். "ஏன் ராமரண்ணே, உங்களை நீங்களே இம்புட்டு மட்டம் தட்டணுமா? அதுவும் போட்டிக்காரருக்காக?"

"அட போ அப்பு! மாலையும் பல்புமாச் சுவத்துல தொங்குற ஆளை எவன் கல்யாணத்துல வாசிக்கக் கூப்பிடுவான்? இனி வேடசந்தூர் முகூர்த்தமெல்லாம் எனக்குத்தான்."