சிட்டம்மாளுக்கு வேண்டாத நெட்டு

"எம்மா, அந்த நெட்டு குச்சி இனிமே வேலைக்காவாதுன்னு எம் மருமவகிட்ட சொல்லிடுறியா?"

வளர்மதி கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கினாள். கடை வாசலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, வெயிலில் வந்த வேகத்தில் மூச்சு வாங்க நின்றிருந்தார்.

"நீங்க யாரும்மா?"

"திருப்புலிவனம். கீர்த்தி கீறால்ல, அவ மாமியாரு. சிட்டம்மா. காலையில லேப்டாப்பும் குச்சியும் உங்கிட்டதான குடுத்துட்டுப் போனா?"

வளர்மதிக்குச் சுருக்கென்றது.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அவள் கம்ப்யூட்டர் சென்டர் வைத்து ஆறு வருஷம் ஆகிறது. இன்று காலை வந்த வேலை போல வேறெதுவும் அவளைப் படுத்தியதில்லை. கீர்த்தியுடையது ஸ்கூலில் கொடுத்த பழைய லேப்டாப். ஆமை மாதிரி ஊர்கிறதென்று அவள் அண்ணன் அதில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தான். நெட்டுக்கான அந்தக் குச்சியை, டாங்கிளை, சொருகினால், 'நான் மோடம் இல்லை, சிடி' என்று சாதித்தது. திறந்து பார்த்தால் உள்ளே விண்டோஸுக்கான சாஃப்ட்வேர் மட்டும்தான்.

இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டினாள். கடைசியில் 'அந்த சிடியை வெளியே தள்ளு' என்று ஒரு கமாண்ட் அடித்ததும், டாங்கிள் வேஷத்தைக் கலைத்துவிட்டு மோடமாக எழுந்தது. சிம் கம்பெனி சொன்ன செட்டிங்கைப் போட்டாள். நீல விளக்கு நின்று எரிந்தது. கடையில் யாரும் இல்லாததால் தனக்குத் தானே கைதட்டிக்கொண்டாள்.

இப்போது வந்து, வேலைக்காகாது என்று சொல்லவேண்டுமாம்!

"அது நல்லா வேலை செய்யுதும்மா."

"அய்யய்யே!" சிட்டம்மாளின் முகம் தொங்கிப்போயிற்று. "செஞ்சிட்டியா? திரும்பவும் இருந்தா மாரியே பண்ணிட முடியாதா?"

"எதுக்குப் பண்ணணும்? பேங்க் பரீட்சைக்கு அவ ஆன்லைன்ல படிக்கப் போறா. தினம் பத்து மணியிலேர்ந்து ஒரு மணி வரைக்கும் கிளாஸ். வீட்டுல இருக்கிற ஒரே டச் போனையும் அவ வீட்டுக்காரரு வேலைக்கு எடுத்துட்டுப் போயிடுறாராம். இதுவும் இல்லன்னா எப்படிப் படிப்பா?"

"அதெல்லாம் தெரியும்மா. வூட்ல நெட்டு வேணாம். அவ்ளோதான்."

"மருமக பேங்க்ல போய் உக்காந்தா உங்களுக்கு என்னம்மா கஷ்டம்?"

"வூட்டு சமாச்சாரத்த கடையில வந்து எதுக்குப் பேசிக்கினு..." சிட்டம்மாள் இழுத்தார். "நீ சொல்லுவியா, மாட்டியா?"

"மாட்டேன். நான் பொய் சொல்றதில்ல."

சொல்லி வாய் மூடவில்லை, கீர்த்தியே உள்ளே வந்தாள். தாலுகா ஆபீஸில் சர்டிபிகேட் வாங்கப் போயிருந்தவள்.

"அத்த! நீங்க எப்ப வந்தீங்க?"

சிட்டம்மாள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

வளர்மதி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். திரையில் ஒரு வாத்தியார் வட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நிற்காமல், திக்காமல்.

"ஐயோ, வந்துடுச்சா அக்கா!" கீர்த்தி குதிக்காத குறை. வளர்மதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூணு கடையில இதெல்லாம் லினக்ஸ்ல வராதுன்னுட்டாங்க."

வளர்மதியால் அடக்க முடியவில்லை. "உனக்குச் சந்தோஷம். உங்க அத்தைக்குத்தான் இல்ல. கெட்டுப்போச்சுன்னு சொல்லச் சொல்றாங்க."

கீர்த்தியின் பிடி தளர்ந்தது.

"அத்த... படி, படின்னு நீங்கதான சொன்னீங்க? அவருகிட்ட சண்ட போட்டு என்னைச் சேர்த்து விட்டதே நீங்கதான? அப்புறம் ஏன் இப்படி?"

"படிக்க வேணாம்னு எவ சொன்னா?" சிட்டம்மாள் சட்டென்று திரும்பினார். "வூட்ல படிக்க வேணாம்னேன்."

"புரியல, அத்த."

"வூட்ல நெட்டு வந்துட்சின்னா நீ வூட்லதான ஒக்காரணும்? வூட்ல கீறவள எவண்டி படிக்க வுடுவான்? உம் மாமனாரு அரமணிக்கு ஒருதபா டீ கேப்பாரு. மாடு கத்தும், குக்கர் கத்தும். பக்கத்து வூட்டுக்காரி கறிவேப்பில கேட்டுக்கினு வந்து குந்திக்குவா. 'இன்னாடி, டிவி பாக்கிறியா'ம்பா. குச்சி கெட்டுப்பூட்சின்னா, வேற வழியில்லன்னு தினம் இங்க வந்து படிப்ப. டவுன் பஸ்ஸு பொம்பளைங்களுக்கு ஓசி. மூணு மணி நேரம் ஒரு பய ஒன்ன கூப்புட முடியாது. எம் புள்ளைக்கும் சொல்றதுக்கு ஒரு காரணம் ஆச்சி."



வளர்மதி எழுந்தாள். ஃபேனுக்குக் கீழே இருந்த நாற்காலியில் அடுக்கியிருந்த ஜெராக்ஸ் பேப்பர் கட்டுகளை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கி வைத்தாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடு, கீர்த்தி. இது உன் இடம்."

கீர்த்திக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. "அக்காவுக்கு எதுக்கு அத்த தொந்தரவு? நான் உள் ரூம்ல கதவ சாத்திக்கினு படிச்சுக்கிறேன். மாமா கூப்பிட்டா, கிளாஸ் முடிஞ்சு வரேன்னு சொல்லிக்கிறேன். அவரு ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு."

"அந்த ஆள வுடுடி!" என்றார் சிட்டம்மாள். "ஒன்ன அஞ்சி நிமிசத்துக்கு ஒருதபா கூப்புடப் போறதே நான்தான்!"