முப்பதில் நின்ற முள்

முள் முப்பதைத் தொட்டதும் அத்தான் பிடியைத் தளர்த்திவிட்டார்.

“அவ்வளவுதானா சார்?” என்றாள் உடல்தகுதி பார்க்க வந்த பெண்.

“வயசாச்சுல்லம்மா.”

வீட்டுச் சாமான்களை ஏற்றி இறக்கும் கம்பெனி அது. இருபத்திரண்டு வருஷமாக மனைவியின் தம்பியோடு ஜோடி சேர்ந்து பீரோவும் கட்டிலும் சுமக்கிறார். அந்தத் தம்பி கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, டிரைவரிலிருந்து மேனேஜர் வரை எல்லோருக்குமே அவர் அத்தான் ஆகிவிட்டார்.

இந்த வருஷம் மேனேஜர் ஒரு புது விதி போட்டிருக்கிறார். கைப்பிடி பலத்தில் ஐந்து கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஜோடியைப் பிரித்துவிடுவார்களாம். ஏறுமாறான ஜோடி மாடிப்படியில் இடுப்பை ஒடித்துக்கொள்ளுமாம்.

மூன்று நிமிஷம் படி ஏறி இறங்கியாயிற்று. நாடி சொன்ன பேச்சுக் கேட்டு அடங்கியும் விட்டது. முழங்கால் மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொட்டாயிற்று. கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நின்றாயிற்று. அதிலெல்லாம் இருவருமே தேறிவிடுவார்கள்.

பயமெல்லாம் கை அழுத்தத்தைக் கிலோவில் காட்டும் இந்தக் கைப்பிடிக் கருவிதான். அதுவும் மைத்துனனை நினைத்து.

பாவம், பூஞ்சை உடம்பு. பீரோவின் மறுமுனையில் அவன் எவ்வளவு தாங்குகிறான் என்று இவர் கைக்குத் தெரியாதா? முக்கி முனகினால் முப்பது.

படியேறும்போது பாரமெல்லாம் கீழே பிடிப்பவன் மேல்தான். அந்த இடத்துக்கு அவனும் முண்டத்தான் செய்வான். ‘போடா, நீ மேலே போ’ என்று இவர் விரட்டிவிடுவார்.

அவனை வேறொரு முரடனோடு சேர்த்தால் ஒரே வாரத்தில் படுத்துவிடுவான். அப்புறம் வீட்டில் அவன் அக்காவுக்குப் பதில் சொல்வது யார்?

“இன்னொரு தடவை.”

முப்பது.

“இன்னும் ஒண்ணு.”

முப்பது.

அவள் கருவியை வாங்கி மேஜைமேல் வைத்தாள்.

“முகம் சுளிக்கல. மூச்சைப் பிடிக்கல. முள்ளையே பாத்துக்கிட்டிருந்து, முப்பது வந்ததும் விட்டுடறீங்க. எதுக்கு சார் இந்த வேலை?”

அத்தான் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

“என் மாப்ளையால முப்பதுக்கு மேல முடியாதும்மா. நான் நிஜமா அழுத்தினா எங்களைப் பிரிச்சிடுவீங்க. அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதே. மனசு விட்டுடுவான்.”

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். நடக்கவில்லை.

“கால் மணி நேரம் முன்னாடி அவரும் இதே நாற்காலியில உக்காந்து, முப்பது முப்பதுன்னு நிறுத்தினாரு. கேட்டா, ‘எங்க அத்தானுக்கு முப்பது வந்தாலே அதிசயம், அவருக்குத் தெரிய வேண்டாம்’ங்கறாரு.”

அத்தான் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“முப்பதா? இந்தக் கையா?”

“முள்ளை என் பக்கம் திருப்பிக்கறேன். இப்ப நிஜமா அழுத்துங்க.”

அழுத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. காது சிவந்தது. நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டு ஓய்ந்தது.

அவள் குறித்துக்கொண்டாள்.

“அவருக்கும் இப்படித்தான் மறுபடி எடுத்தேன். உங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஒரு கிலோதான் வித்தியாசம். ஜோடி பிரியாது, சந்தோஷமாப் போயிட்டு வாங்க.”

அத்தானுக்கு அப்பாடா என்றிருந்தது.

அந்த அப்பாடா கதவு வரைக்கும்தான் தாங்கியது. தாழ்ப்பாளில் கை வைத்தவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“அந்த ஒரு கிலோ யாருக்கும்மா கூட?”