நாற்பது பக்கத்தில் ஒரு சொல்

தகவல் பிரிவின் சன்னலருகே தச்சர் கால் மரத்து நிற்கிறார். மகனைப் பலிகொண்ட பாலம் ஏன் இடிந்தது என்ற விசாரணை அறிக்கையை மூன்று வருடமாகக் கேட்டு, இன்றுதான் கையில் வாங்கியிருக்கிறார். நாற்பது பக்கமும் வரிக்கு வரி கறுப்பு மை பூசியிருக்கிறது. அறையின் பாதி வெளிச்சத்தை அதுவே குடித்துவிட்டதால் குமாஸ்தா பட்டப்பகலில் விளக்கைப் போடுகிறார். கடைசிப் பக்கத்தில் 'எனவே' என்ற ஒரு சொல் மட்டும் மைக்குத் தப்பியிருக்கிறது. தச்சர் அதன்மேல் விரலை வைக்கிறார். "எனவேன்னு இருக்கே தம்பி, எனவே என்ன?" "அது கவனக்குறைவுங்க பெரியவரே. குடுங்க, அதையும் பூசித் தர்றேன்." குமாஸ்தா பேனாவைத் திறக்கிறார். தச்சர் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துப் பித்தானையும் போட்டுக்கொள்கிறார். "இது இருக்கட்டும் தம்பி. மனுத்தாள் ஒண்ணு குடுங்க, மிச்சத்தைக் கேக்கணும்."